கப்பலுக்குக் காத்திராத ஒவ்வாமை

நம் தீவுகளில் பல காரியங்கள் கப்பலைக் கேட்டுத்தான் நடக்கின்றன. அரிசி, பருப்பு முதல் வீடு கட்டும் சிமெண்டு வரை கப்பல் வந்தால்தான் வரும். கடுமையான ஒவ்வாமை என்பதை மருத்துவ உலகம் அறிந்துகொண்ட கதையும் ஒரு கப்பலில்தான் தொடங்குகிறது என்றால் நம் அன்பர்களுக்கு வியப்பாக இருக்கும்.

மொனாக்கோ நாட்டின் இளவரசர் முதலாம் ஆல்பர்ட் கடல் ஆராய்ச்சியில் பெரும் ஈடுபாடு கொண்டவர். 1901-ஆம் ஆண்டு அவருடைய கப்பலில் ஷார்ல் ரிஷே, பால் போர்த்தியே என்ற இரண்டு பிரெஞ்சு அறிஞர்கள் பயணம் செய்தார்கள். வெப்பக் கடல்களில் மிதக்கும் ஓர் உயிரினத்தின் நஞ்சை ஆராய்வது அவர்கள் வேலை. பார்வைக்கு நம் மீனவர்கள் சொறிமீன் என்று சொல்வதைப் போல இருக்கும். மேலைநாட்டார் அதற்கு 'போர்த்துக்கீசியப் போர்க்கப்பல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் இழைகள் மேலே பட்டால் சாட்டையால் அடித்தாற்போல் தடித்துவிடும்.

பாரிஸ் திரும்பிய பிறகு, கடல் சாமந்தி என்னும் மற்றோர் உயிரினத்தின் நஞ்சை வைத்து நாய்களிடம் ஆய்வைத் தொடர்ந்தார்கள். நஞ்சைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கினால் உடம்பு அதைத் தாங்கும் வலிமை பெறும் என்பது அவர்கள் எண்ணம். நடந்ததோ நேர்மாறு. முதல் ஊசியைத் தாங்கிக்கொண்டு நன்றாக ஓடியாடிய 'நெப்டியூன்' என்ற நாய்க்குச் சில வாரங்கள் கழித்து மறுபடியும் சிறிதளவு கொடுத்தார்கள். உடனே மூச்சு வாங்கியது, கால் தள்ளாடியது, வாந்தி எடுத்தது. அரை மணி நேரத்துக்குள் இறந்தும் போயிற்று. பாதுகாப்புக்கு எதிரானது என்ற பொருளில் இதற்கு 'அனஃபிலாக்சிஸ்' என்று 1902-இல் பெயர் சூட்டினார்கள். இந்த ஆராய்ச்சிக்காக ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. 'அலர்ஜி' என்று நாம் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தச் சொல்லை 1906-இல் உருவாக்கியவர் வியன்னா நகரத்து மருத்துவர் கிளமென்ஸ் ஃபான் பிர்கே.

இதை எழுதும் நான் மருத்துவன் அல்லன். டிப்ளமா படித்து, ரயில்வேயில் பொறியாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தண்டவாளமே இல்லாத இந்தத் தீவில் பிள்ளை குடும்பத்தோடு வந்து தங்கியிருக்கிறேன். குழாய், அழுத்தம், சமிக்ஞை என்று நாற்பது வருடம் பழகிய கண்ணோடு படித்துப் பார்த்தபோது இந்த நோய் எனக்கு ஒருவாறு விளங்கிற்று. அதை நம் குடும்பங்களுடன் பகிர்ந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. இறாலும் நண்டும், குளவியும் மலைத்தேனீயும் சூழ வாழ்கிறோம். பெரிய மருத்துவமனையோ பலருக்குக் கடல் கடந்து இருக்கிறது.

முதல் முறை மௌனம்

"போன வருஷம் சாப்பிட்டபோது ஒன்றும் செய்யவில்லையே!" என்பதுதான் ஒவ்வாமை வந்தவர் வீட்டில் முதலில் கேட்கும் பேச்சு. செய்யாதது மட்டுமல்ல, அப்போதுதான் விதை விழுந்திருக்கக் கூடும்.

நம் உடலில் எதிரியை அடையாளம் காணும் காவல் அமைப்பு ஒன்று இருக்கிறது. சிலருக்கு அது இறாலில் உள்ள ஒரு புரதத்தையோ, குளவியின் நஞ்சையோ, பென்சிலின் போன்ற மருந்தையோ பெரும் பகையாக எண்ணிவிடுகிறது. எண்ணியதும் அதற்கென்றே ஒரு வகை எதிர்ப்புப் புரதத்தை உருவாக்கி வைக்கிறது. இதற்கு 'ஐஜிஇ' என்று பெயர். 1966-இல் அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியர் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா ஆகியோர் இதைக் கண்டறிந்தனர். அதே சமயம் சுவீடன் நாட்டு அறிஞர்களும் தனியே கண்டார்கள்.

இந்த ஐஜிஇ, 'மாஸ்ட் செல்' எனப்படும் உயிரணுக்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. மாஸ்ட் செல்கள் தோலின் அடியிலும், மூச்சுக்குழலிலும், குடலிலும், இரத்தக் குழாய்களைச் சுற்றிலும் இருப்பவை. ஒவ்வொன்றின் உள்ளும் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்கள் சிறு சிறு பொதிகளாக அடைத்து வைக்கப்பட்டிருக்கும். மருந்துக் கிட்டங்கி என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. மனிதர் வழக்கம்போல் வேலைக்குப் போய் வருவார்.

அடுத்த முறை அதே பொருள் உள்ளே வரும்போது, அருகருகே நிற்கும் இரண்டு ஐஜிஇ-களை அது பாலம் போட்டாற்போல் இணைக்கிறது. இரட்டைச் சாவிப் பூட்டில் இரண்டு சாவியும் விழுந்த மாதிரி கிட்டங்கியின் கதவு திறந்துவிடும். அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே கொட்டுகிறது.

அழுத்தம் இறங்கும் குழாய்

இதன் பிறகு உடம்பில் என்ன நடக்கிறது என்பதை ரயிலை வைத்துச் சொல்கிறேன். எஞ்சின் முதல் கடைசிப் பெட்டி வரை ஒரு காற்றுக் குழாய் ஓடுகிறது. அதில் அழுத்தம் சரியாக இருக்கும் வரையில் வண்டி ஓடும். எங்கேனும் குழாய் பிய்ந்து காற்று கசிந்தால் டிரைவரின் அழுத்தமானியில் முள் இறங்கும். பிரேக் பிடித்து வண்டி நின்றுவிடும். கம்ப்ரெசர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பெரிய கசிவை ஈடுகட்ட முடியாது.

கடுமையான ஒவ்வாமையில் ஹிஸ்டமினும் அதன் கூட்டாளிகளும் இரத்தக் குழாய்களை இரண்டு வகையில் தாக்குகின்றன. குழாய்கள் தளர்ந்து அகலமாகின்றன. சுவர்களில் இடைவெளி விழுந்து உள்ளேயுள்ள நீர் வெளியே கசிகிறது. மோசமான நிலையில், இரத்த ஓட்டத்தில் உள்ள திரவத்தில் 35 சதவீதம் வரை பத்தே நிமிடத்தில் வெளியேறிவிடலாம் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. ஒரு சொட்டு இரத்தம் கீழே சிந்தாமலே மனிதர் மூன்றில் ஒரு பங்கு இரத்தத்தை இழந்தவர் போல் ஆகிவிடுகிறார். இதயம் அந்தக் கம்ப்ரெசர் மாதிரி படபடவென்று அடித்துக்கொள்ளும். ஆனால் இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தமே குறைந்துவிட்டதால் அழுத்தம் ஏறாது. தலை சுற்றும், கண் இருட்டும், ஆள் சாய்ந்துவிடுவார்.

அதே நேரத்தில் மற்ற இடங்களிலும் வேலை நடக்கிறது. தோலில் அரிப்பும் தடிப்பும் எழும். உதடு, கண் இமை, நாக்கு வீங்கும். தொண்டை வீங்கிக் குரல் கம்மும். மூச்சுக்குழல் தசைகள் இறுகி இழுப்பு வரும். குடல் முறுக்கி வயிற்று வலி, வாந்தி, பேதி ஆகும். "ஏதோ ஆகப் போகிறது, நான் பிழைக்க மாட்டேன்" என்ற பயம் சிலருக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் வந்துவிடுகிறது. இதை மனப்பிரமை என்று ஒதுக்கக் கூடாது. மருத்துவர்கள் இதையும் ஓர் அறிகுறியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

காணாக்கடியா, கடும் ஒவ்வாமையா?

உடம்பெல்லாம் தடிப்பு எழுந்தால் நம் பாட்டிமார் 'காணாக்கடி' என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ கடித்துவிட்டது என்பது பொருள். வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லக் கொடுப்பார்கள். தோலோடு நிற்கும் தடிப்பு பெரும்பாலும் தானே அடங்கிவிடும் என்பதால் அந்த வைத்தியத்துக்கும் நல்ல பெயர் இருக்கிறது.

ஆபத்து எங்கே என்றால், தடிப்போடு இன்னொன்று சேரும்போது. தடிப்பும் மூச்சுத் திணறலும், தடிப்பும் தலைசுற்றலும், தடிப்பும் அடங்காத வாந்தியும் என இரண்டு உறுப்புத் தொகுதிகள் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டால் அதைக் கடும் ஒவ்வாமையாகவே கொள்ள வேண்டும். வெற்றிலைக்கும் மிளகுக்கும் அங்கே இடமில்லை. இன்னொரு செய்தியும் நினைவில் இருக்கட்டும்: நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்குத் தோலில் ஒன்றுமே தெரியாது. ஏற்கனவே ஒவ்வாமை உள்ளவர் அந்தப் பொருளைத் தின்ற சற்று நேரத்தில் சுருண்டு விழுந்தால், தடிப்பு எங்கே என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

நம் கடலும் நம் தட்டும்

கடலுணவு நம் தீவு வாழ்க்கையின் செல்வம். அதைப் பற்றிப் பயமுறுத்துவது என் நோக்கமில்லை. சில விவரங்களைத் தெரிந்துகொண்டால் வீண் பயமும் போகும்; வீண் துணிச்சலும் போகும்.

இறால், நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றில் ஒவ்வாமை உண்டாக்கும் முக்கியமான புரதம் 'ட்ரோபோமயோசின்'. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அதன் குணம் பெரிதும் மாறாது. "நன்றாக வேகவைத்தேன், ஒன்றும் செய்யாது" என்ற பேச்சு இங்கே எடுபடாது. இதே இனத்துப் புரதம் கரப்பான் பூச்சியிலும் வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சியிலும் உண்டு. தூசி பட்டால் இழுப்பு வரும் சிலருக்கு இறாலும் ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு இது ஒரு காரணம். மீனில் உள்ள ஒவ்வாமைப் புரதம் வேறு. ஆகவே இறால் ஆகாதவர் மீனையும் விட்டுவிட வேண்டும் என்பதில்லை. மருத்துவரிடம் பரிசோதித்து முடிவு செய்யலாம்.

ஒவ்வாமை போலவே வேடமிட்டு வருவது சூரை மீன் நஞ்சு. பிடித்த சூரையை உடனே ஐஸில் வைக்காவிட்டால், மீனின் சதையில் கிருமிகள் ஹிஸ்டமினை உண்டாக்கிவிடுகின்றன. சமைத்தாலும் அது போகாது. தின்ற சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரிக்கும். வேறுபாட்டைக் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு: ஒவ்வாமை என்றால் பந்தியில் ஒருவருக்கு வரும், கெட்ட மீன் என்றால் அதே மீனைத் தின்ற பலருக்கும் வரும். எதுவானாலும் மூச்சு முட்டினால் மருத்துவ உதவி உடனே தேவை.

பந்தியைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. இறால் வறுத்த எண்ணெயிலேயே வாழைக்காய் பஜ்ஜியும் போடுவது நடக்கிறது. ஒவ்வாமை உள்ள குழந்தை பஜ்ஜிதானே என்று தின்றுவிடும். கல்யாண வீட்டிலும் கோயில் விழாவிலும் கப்பல் உணவகத்திலும் கேட்டுச் சாப்பிடுவதில் வெட்கம் வேண்டாம். உடம்போடு மாறுபடாத உணவே நோய் தராது என்று வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் கூறியிருக்கிறார். ஒருவருக்கு அமுதமாவது மற்றவருக்கு மாறுபடலாம் என்பதை இக்கால அறிவியல் விளக்குகிறது.

காட்டிலும் கவனம் வேண்டும். லிட்டில் அந்தமானில் வாழும் ஓங்கே பழங்குடியினர் இஞ்சிக் குடும்பத்துக் காட்டுச் செடி ஒன்றை மென்று, அதன் சாற்றை உடம்பில் பூசி, தேனீக்களின் மேலும் ஊதி, அவை விலகியபின் மலைத்தேன் எடுப்பார்கள். 1980-களில் ஆராய்ச்சியாளர்கள் இதைப் பதிவு செய்தார்கள். தலைமுறை தலைமுறையாகத் தேன் எடுப்பவர்களே கொட்டு வாங்காமல் இருப்பதற்கு இவ்வளவு முறை வைத்திருக்கிறார்கள் என்றால், பாக்குத் தோட்டத்தில் கூட்டைக் கல்லால் அடிக்கும் நம் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது! தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே தங்கிவிடும். எப்படியாவது உடனே எடுத்துவிட வேண்டும்; தாமதிக்கும் ஒவ்வொரு நொடியும் நஞ்சு இறங்கிக்கொண்டிருக்கும்.

ஐந்து, பதினைந்து, முப்பது

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் கடும் ஒவ்வாமையால் இறந்தவர்களின் விவரங்களைத் திரட்டி ஆராய்ந்த மருத்துவர் பம்ஃபிரே, 2000-ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டார். மூச்சோ இதயமோ நிற்பதற்கு ஆன நேரத்தின் நடுமதிப்பு, ஊசி மருந்தால் வந்த ஒவ்வாமையில் 5 நிமிடம். பூச்சிக் கடியில் 15 நிமிடம். உணவில் 30 நிமிடம்.

இந்த மூன்று எண்களையும் நம் தீவின் வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். ஹட் பேயிலிருந்து தலைநகருக்குக் கப்பலில் பல மணி நேரம். கேம்பல் பேயிலிருந்து என்றால் ஒரு நாளுக்கு மேலும் ஆவதுண்டு. டிக்லிப்பூரிலிருந்து சாலை வழி வந்தாலும் ஜாராவா காப்புக்காட்டுக்குள் வாகனங்கள் குறித்த நேரத்தில் அணியாகத்தான் விடப்படும். ஹெலிகாப்டர் இருக்கிறது; அதுவும் வானிலையைப் பொறுத்தது. இலங்கையிலிருந்து வந்து கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய நம் மக்களுக்கு இந்தத் தூரத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரிலுள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனையை நோக்கிப் புறப்படுவதற்குள் இங்கே காரியம் முடிந்துபோகும்.

ஆகவே நான் வற்புறுத்துவது ஒன்றே ஒன்று. கடும் ஒவ்வாமையில் பெரிய மருத்துவமனையைத் தேடி ஓட வேண்டாம். மிக அருகில் இருக்கும் அட்ரினலின் ஊசியைத் தேட வேண்டும். அது ஆரம்ப சுகாதார நிலையமாக இருக்கலாம், துணை நிலையமாக இருக்கலாம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அதே ஆண்டில் வந்த மருந்து

ரிஷே கப்பலேறிய அதே 1901-ஆம் ஆண்டில்தான், அட்ரினலினைத் தூய பொருளாகப் பிரித்தெடுத்ததை ஜப்பானிய வேதியியலர் ஜோகிச்சி தகாமினே வெளியிட்டார். நோயும் அதற்கு மருந்தும் ஒரே ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்ததை இயற்கையின் கருணை என்பதா, தற்செயல் என்பதா!

அட்ரினலின் தளர்ந்த குழாய்களை இறுக்குகிறது, கசிவைக் குறைக்கிறது, மூச்சுக்குழலை விரிக்கிறது, இதயத்துக்கு வலுவூட்டுகிறது, மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டுவதையும் தடுக்கிறது. பழுதான எல்லா இடத்திலும் ஒரே மருந்து வேலை செய்கிறது. நாம் அலமாரியில் வைத்திருக்கும் அவில், செட்ரிசின் மாத்திரைகள் அரிப்பை மட்டும் தணிப்பவை. வேலை செய்யவும் நேரம் எடுக்கும். இறங்கும் இரத்த அழுத்தத்தை அவை நிறுத்தா. மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பது, பிரேக் குழாய் பிய்ந்த வண்டிக்கு வண்ணம் பூசுவது போலத்தான்.

இந்த ஊசியைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பது கணக்கு. பெரியவர்களுக்கு அதிகபட்சம் அரை மில்லிகிராம். தேவைப்பட்டால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் போடுவார்கள். பேனா போல் வைத்துக்கொண்டு தாமே குத்திக்கொள்ளும் கருவி 1987 முதல் அமெரிக்காவில் விற்பனைக்கு உண்டு. மூக்கில் தெளிக்கும் மருந்துக்கும் 2024-இல் அங்கே அனுமதி கிடைத்தது. இவை நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. ஆனால் கண்ணாடி ஆம்பூலில் வரும் அட்ரினலின் விலை மிகக் குறைவு. நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது.

2021-இல் கொரோனா தடுப்பூசி போட்டபின் நம் எல்லோரையும் அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார வைத்தார்களே, நினைவிருக்கிறதா? இந்த ஒவ்வாமையைக் கண்காணிக்கத்தான். தடுப்பூசி போடும் இடங்களில் அட்ரினலின் அடங்கிய அவசரப் பெட்டி இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் நெறிமுறை. தடுப்பூசிக்குப் பின் கடும் ஒவ்வாமை கண்டால் கிராமச் செவிலியரே முதல் ஊசியைப் போடவும் அதில் இடமுண்டு. எனவே உங்கள் ஊர்ச் செவிலியரை இன்றே சந்தித்து, அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, இரவில் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு வையுங்கள்.

ஊசி வரும் வரை

நான் வேலை பார்த்த இடங்களில் ஒன்றில் பழைய வேகன் அடியில் கூடு கட்டியிருந்த குளவி, ஒரு ஃபிட்டரைக் கொட்டிவிட்டது. முன்பும் ஒருமுறை கொட்டு வாங்கியவர். பத்து நிமிடத்தில் முகம் வெளுத்து வியர்த்துக் கொட்டியது. நண்பர்கள் அன்பு மிகுதியால் அவரைத் தூக்கி நிறுத்தி, "நடப்பா, சரியாகிவிடும்" என்றார்கள். நின்ற மாத்திரத்தில் கண் செருகிவிட்டது. நல்ல வேளையாக முதலுதவி அறையின் கம்பவுண்டர் ஓடி வந்து, "கீழே படுக்க வை, காலைத் தூக்கு" என்று சத்தம் போட்டார். டாக்டர் வந்து தொடையில் ஊசி போட்டார். ஆள் பிழைத்துக்கொண்டார்.

அந்தக் கம்பவுண்டர் சொன்னது எவ்வளவு சரி என்பதைப் பின்னாளில் படித்தேன். ஒவ்வாமையில் இரத்த அழுத்தம் விழுந்தவரைத் திடீரென்று நிமிர்த்தினால் இதயத்துக்கு இரத்தம் போகாமல் உயிரே போகலாம் என்று அதே பம்ஃபிரே 2003-இல் எழுதியிருக்கிறார். ஆகவே இவற்றை மனத்தில் கொள்ளுங்கள்.

நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் கால்களை நீட்டி உட்காரலாம். வாந்தி எடுத்தால் ஒருக்களித்தும், கர்ப்பிணியை இடப்பக்கமாகவும் படுக்க வையுங்கள். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடாதீர்கள். படகுக்கோ ஆட்டோவுக்கோ பெஞ்சில் வைத்தே தூக்கிச் செல்லுங்கள். வாய்வழியே எதையும் கொடுக்காதீர்கள். ஒருவர் நோயாளியோடு இருக்க, இன்னொருவர் 112-ஐ அழைத்து, அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கும் தகவல் சொல்லுங்கள்.

ஊசி போட்டு எழுந்து உட்கார்ந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது. சில மணி நேரம் கழித்து, மறுபடி எதுவும் தின்னாமலே, இரண்டாவது அலை வருவதுண்டு. மருத்துவர் விடும் வரை அங்கேயே இருங்கள். பிறகு ஒவ்வாமை நிபுணரைப் பார்த்துக் காரணத்தை உறுதி செய்யுங்கள். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடும் என் வயதுக்காரர்கள் அதன் பெயரை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரைகள் அட்ரினலின் வேலையைக் குறைக்கக் கூடும்.

வீட்டில் யாருக்கு எது ஆகாது என்று ஒரு அட்டையில் தமிழிலும், இந்தியிலும், ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதி, பிள்ளையின் பள்ளிப் பையிலும் பெரியவரின் சட்டைப் பையிலும் வையுங்கள். பென்சிலின் ஆகாது என்றால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். மயங்கிக் கிடப்பவருக்காக அந்த அட்டைதான் பேசும்.

ரயில்வேயில் எந்த நிலையத்துக்குப் போனாலும் தீயணைக்கும் மணல் வாளிகள் சிவப்பு வண்ணத்தில் வரிசையாகத் தொங்கும். பல ஆண்டுகள் தொடக்கூட நேர்வதில்லை. ஆனாலும் மணல் நிரம்பியிருக்கிறதா என்று ஒவ்வொரு ஆய்விலும் பார்ப்போம். நம் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு ஒரு செவிலியரை அழைத்து, அரை மணி நேரம் இது பற்றிப் பேசச் சொன்னால் நல்லது. கப்பல் வரும் நாள் வரும். அதுவரை நோயாளியின் உயிரைப் பிடித்து வைக்க வேண்டியவர்கள் அருகில் இருக்கும் நாம்தான்.